சுலோச்சனா அளந்த கிணறு

வேடியப்பனின் கிணற்றுச் சுவரில் எவனோ ஒருவன் மஞ்சள் பெயிண்டால் எழுதிக்கொண்டிருப்பதைக் கொல்லையிலிருந்து பார்த்துவிட்டு, சுலோச்சனா கையிலிருந்த களைக்கொத்தோடு ஓடி வந்தாள். எழுபத்தொன்றாம் வருடத்துத் தேர்தல் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது எழுதிய சின்னங்களையே ஊரில் இன்னும் சுரண்டி முடிக்கவில்லை.

“யாருய்யா அது? எலக்‌ஷன்தான் முடிஞ்சி போச்சே, இன்னும் இன்னாத்துக்கு எழுதிகினு கீற?”

எழுதியவன் திரும்பினான். முப்பது வயதிருக்கும். மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு மஞ்சள் ஒட்டியிருந்தது.

“சின்னம் இல்லம்மா, நம்பரு. உங்க கெணத்த கவர்மெண்டுல எடுத்துகினாங்க.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தப்பான பேச்சு என்று அவனுக்கே உறைத்தது. களைக்கொத்து உயர்வதற்குள், “அளக்கறதுக்கும்மா! அளக்கறதுக்கு எடுத்துகினாங்க! தண்ணி எவ்ளோ ஆழத்துல கீதுன்னு மாசா மாசம் வந்து பாத்து எழுதிகினு போவணும். வேற ஒண்ணும் இல்ல” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அவன் பெயர் கோதண்டம். திருத்தணிக்காரன். பள்ளிப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கே ஒரு டீக்கடையில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் பதினோரு கிணறுகளை அளப்பது அவன் வேலை. இந்த ஊர், ஈச்சங்குண்டாவின் கிணறு அதில் ஏழாவது.

சுலோச்சனாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பதினெட்டில் பெரம்பூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். போன இடத்தில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. நாலு மாதம் அங்கே வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு திருத்தணிக்கு ரயிலேறி அண்ணன் வேடியப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தாலி கழுத்தில் இருந்தது. அதைக் கழற்று என்றோ கழற்றாதே என்றோ சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். எந்த வரிசையில் உட்காரவைப்பது என்றுதான் ஒவ்வொரு தடவையும் குழம்புவார்கள். அண்ணி ஜெயம்மாள் அதிகம் பேசாதவள். “வந்துட்ட இல்ல, அந்தக் கோடிப் பாத்திய நீ பாத்துக்க” என்றாள் முதல் நாளே. அதுதான் அவள் சொன்ன ஆறுதல். கோடிப் பாத்தியிலிருந்து தொடங்கி, இரண்டரை ஏக்கர் நிலமும் அந்த நாற்பதடிக் கிணறும் மெல்ல மெல்லச் சுலோச்சனாவின் பொறுப்புக்கு வந்திருந்தன.

கோதண்டம் அளக்கிற விதம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இரும்பு டேப்பின் நுனியில் ஈயக்குண்டு தொங்கும். அதற்கு மேலே இரண்டு முழத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்ப்பான். சுவரில் தான் போட்ட கோட்டில் டேப்பை வைத்துக் கிணற்றுக்குள் விடுவான். குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே இழுத்து, சுண்ணாம்பு எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பான். அவன் நோட்டில் எழுதுவது மீட்டர். அவளுக்கு மீட்டர் புரியாது.

“அடியில சொல்லுங்க சார்.”

“இருபத்தாறு அடி.”

“இத எழுதிகினு போயி இன்னா பண்ணுவாங்க?”

“கோடு போடுவாங்கம்மா. வருசா வருசம் மேல ஏறுதா, கீழ எறங்குதான்னு.”

“அதுக்குக் கெணத்துல எட்டிப் பாத்தா பத்தாதா?”

“உங்க கெணத்த நீங்க எட்டிப் பாப்பீங்க. ஜில்லா முழுக்க யாரு எட்டிப் பாக்கறது?”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. தான் நின்றுகொண்டிருக்கும் இந்தச் சுவருக்கு எங்கேயோ ஒரு காகிதத்தில் ஒரு புள்ளி உண்டு என்பது பிடித்திருந்தது. அவன் போன பிறகு தண்ணீரை எட்டிப் பார்த்தாள். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற தண்ணீர்தான். அது இருபத்தாறு அடி என்று தெரிந்த பிறகு வேறு மாதிரி இருந்தது.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவன் வருவான். அன்றைக்கு யார் கூலிக்குக் கூப்பிட்டாலும் சுலோச்சனா போகமாட்டாள். அண்ணி அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. அன்று மட்டும் மோருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தயிர் எடுத்து வைப்பாள்.

ஈச்சங்குண்டாவில் அந்த மேட்டில் மூன்று கிணறுகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் வேடியப்பனுடையது. கிழக்கே பங்காரு நாயுடுவுடையது. பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிற, பேச்சில் யாரையும் விடாத மனிதர். மேற்கே துரைக்கண்ணு, கோபக்காரன், ஆனால் கோபம் ஒரு வேளைக்கு மேல் நிற்காது. கவலை ஏற்றம் கட்டி மாடு விரட்டித் தண்ணீர் இறைத்த காலம் போய், மூன்று கிணற்றுக்கும் கரண்ட் மோட்டார் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மோட்டார் வந்ததும் எல்லோரும் கேழ்வரகை விட்டு நெல்லுக்குப் போனார்கள். மாட்டுக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கு வாங்காது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மூன்றும் ஓடும்.

எழுபத்து நாலில் மழை பொய்த்தது. அடுத்த வருடம் பங்குனியில் கிணறு முப்பத்து நாலு அடிக்கு இறங்கிவிட்டது. மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடும், பிறகு காற்றை இழுத்துக் கத்தும். துரைக்கண்ணு பங்காருவின் மோட்டாரைத் திட்டினான். பங்காரு வேடியப்பனின் மோட்டாரைச் சொன்னார். வேடியப்பன் யாரையும் சொல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, சித்திரை பிறந்த இரண்டாம் நாள் டிரான்ஸ்பார்மர் எரிந்து போனது. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது.

சுலோச்சனாவுக்கு மட்டும் ஒரு யோசனை தோன்றியது. கோதண்டம் வராத நாட்களிலும் தண்ணீரின் கணக்கு தெரிய வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அடிக்கு ஒரு முடிச்சாகத் தென்னங்கயிற்றில் போட்டு, நுனியில் பழைய எடைக்கல் ஒன்றைக் கட்டி, காலையும் மாலையும் விட்டுப் பார்த்தாள். முதல் நாள் இரண்டடி ஏறியது. இரண்டாம் நாள் ஒன்றே காலடி. மூன்றாம் நாள் ஒரு சாண்கூட இல்லை. அதற்குப் பிறகு ஆறு நாளும் அப்படியே நின்றது. கரண்ட் வந்த அன்று காலை பங்காருவும் துரைக்கண்ணுவும் முந்திக்கொண்டு மோட்டாரைப் போட்டார்கள். வேடியப்பன் தறி வேலை கிடைக்குமா என்று விசாரிக்கப் பொதட்டூர்பேட்டை போயிருந்தான். அவன் மோட்டார் ஓடவே இல்லை. மத்தியானம் சுலோச்சனா கயிற்றை விட்டாள். ஓடாத கிணற்றில் ஒன்றரை அடி குறைந்திருந்தது.

அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை கோதண்டம் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அதைச் சொன்னாள். கரித்துண்டால் சுவரில் போட்டு வைத்திருந்த கோடுகளையெல்லாம் காட்டினாள்.

“மூணு கெணறும் ஒரே ஊத்து சார். யாரு எறச்சாலும் மூணு பேருக்கும் எறங்குது. ரெண்டு நாளு சும்மா வுட்டா ஊறவேண்டியது ஊறிடுது. அப்பறம் சும்மா வுட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்போ ஆளுக்கு ஒரு நாளுன்னு மொறை வெச்சிகினா இன்னா?”

கோதண்டம் அந்தக் கரிக்கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“நான் நாலு வருசமா மாசத்துக்கு ஒரு தபா வந்து அளந்துகினு போறேன். எனக்கு இது தெரியலயே.”

“நீங்க பதினோரு கெணறு பாக்கறீங்க.”

“அதில்ல,” என்றான். நோட்டை எடுத்து அந்தக் கோடுகளைக் குறித்துக்கொண்டான்.

முறையைப் பேசி முடிக்கச் சுலோச்சனாவுக்கு ஒரு கோடை முழுதும் தேவைப்பட்டது. ‘பொம்பள சொல்லி நான் மோட்டார நிறுத்தறதா’ என்றான் துரைக்கண்ணு. பங்காரு சிரித்தார். கிருஷ்ணா நதித் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவரப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

“ஏம்மா, கிருஷ்ணம்மாவே வர்றா. இந்த மூணு குழிக்கு மொறை இன்னாத்துக்கு?”

“அது மெட்ராசுக்குப் போறதாம் மாமா. நம்ம மேட்டுக்கு ஏறி வராது.”

கடைசியில் பேச்சால் ஆகவில்லை. துரைக்கண்ணுவைத் தன் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் கயிற்றை அவன் கையிலேயே கொடுத்தாள். பங்காரு மோட்டாரைப் போடச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் விடச் சொன்னாள். துரைக்கண்ணு முடிச்சை இரண்டு தடவை எண்ணினான். தன் கிணற்றுக்குப் போய் அங்கேயும் விட்டுப் பார்த்தான். திரும்பி வந்து, “சரி வுடு, எனக்கு எந்த நாளு?” என்றான். நெல்லை ஒரு போகமாகக் குறைத்துக்கொண்டு, மற்றதில் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டார்கள். அந்த வருடம் மூன்று நிலத்திலும் பயிர் தீயவில்லை. ஆட்களுக்குள் பேச்சு வந்தால், “சுலோச்சனா இன்னா சொல்லுது?” என்று கேட்பது வழக்கமாயிற்று. எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று ஊர் குழம்பியவளிடம் மூன்று ஆம்பளைகள் வந்து நாள் கேட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு தடவை கோதண்டம் ஆபீசிலிருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்து காட்டினான். ஏதோ ஒரு மணல்தேசம். வரிசையாகச் செடிகள், அவற்றின் காலடியில் கறுப்புக் குழாய். ஒவ்வொரு செடிக்கும் குழாயில் ஒரு துளை, அதில் ஒரு சொட்டு.

“வாய்க்காலே இல்லியா?”

“இல்ல. செடி குடிக்கறத மட்டும் குடுக்கறாங்க. மிச்சம் ஒரு பொட்டு கூட மண்ணுல போவாது.”

அவள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தன் வாய்க்காலில் போகிற தண்ணீரில் பாதியை மண்ணும் வெயிலும் குடிப்பதை அவள் தினம் பார்க்கிறவள். அடுத்த முறை அவன் வந்தபோது கத்தரிப் பாத்தியில் நாலு பழைய மண்பானைகள் கழுத்தளவு புதைந்திருந்தன. பானையில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் கசிந்து கசிந்து வேருக்குப் போகும் என்றாள். நான்கு நாளைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். கோதண்டம் குனிந்து பானையைச் சுற்றி மண்ணைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் விரலில் ஒட்டியது.

“அந்தக் கொழாயி நம்ம பக்கம் எப்பனா வருமா சார்?”

“வரும். நமக்கு வயசாவறதுக்குள்ள வரும்.”

‘நமக்கு’ என்று சொன்னான். அவன் சும்மா சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொல்கிற சொல்தான். அடுத்த செவ்வாய் வரும் வரைக்கும் சுலோச்சனா அதைக் களை பிடுங்கும்போதும் மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போதும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருடம் பங்குனி மாதம் அவன் செவ்வாய்க்கிழமை இல்லாத ஒரு நாளில் வந்தான். டேப் கொண்டு வரவில்லை. கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது என்றான். பத்து நாளில் போய்ச் சேர வேண்டும்.

அவள் வாய்க்கால் பக்கம் திரும்பினாள். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்று வேடியப்பனின் முறை.

“நீங்களும் வாங்க,” என்றான்.

அவளுக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்தது. அவன் திரும்பச் சொன்னான். இந்தத் தடவை இன்னும் மெதுவாக. “ஊரு இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணங்கிட்ட நானே பேசறேன். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. வாடகைக்கு ஒரு வீடு பாத்துக்கலாம்.”

சுலோச்சனாவின் கண் வாய்க்காலை விட்டு வரவில்லை. போகலாம் என்று அவளுடைய உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“கோடை தலைக்கு மேல நிக்குது சார். இப்ப நான் போனா மறுநாளே பங்காரு மாமாவும் துரைக்கண்ணு அண்ணனும் சண்ட போட்டுகினு மோட்டார போட்டுடுவாங்க. இந்தக் கோடை போவட்டும்.”

“கோடை போனா?”

“ஆங்,” என்றாள்.

அது சம்மதமா இல்லையா என்று அவனும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது. பெரம்பூரில் ஒரு வாசலில் நின்ற பயம் அதில் கொஞ்சம் இருந்தது. அண்ணனுக்கு வரப்போகும் தலைகுனிவும் இருந்தது. எல்லாவற்றையும்விட, நாலு பேர் தன்னைக் கேட்டு நடக்கிற ஒரு இடத்தை விட்டுப் போக மனசு வரவில்லை. அதை அவள் ரொம்பக் காலத்துக்குப் பிறகுதான் தனக்கே ஒப்புக்கொண்டாள்.

கோடை போயிற்று. ராமநாதபுரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. இங்கே கண்மாயைத்தான் நம்பியிருக்கிறார்கள், கிணற்றுத் தண்ணீர் உப்பு, மூன்று கிணறும் எப்படி இருக்கின்றன என்று எழுதியிருந்தான். சுலோச்சனா பதில் எழுத உட்கார்ந்தாள். ‘கோடை போய்விட்டது’ என்று எழுத வேண்டும். நாலைந்து தடவை பேனாவைக் கார்டு மேல் வைத்து எடுத்தாள். கார்டு என்பது போஸ்ட்மேன் படிக்கிறது, டீக்கடையில் நாலு பேர் படிக்கிறது. ஆகையால், ‘நீர்மட்டம் இருபத்தொரு அடி. மூவரும் முறைப்படி இறைக்கிறார்கள். இங்கு எல்லோரும் நலம்’ என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். அடியும் அங்குலமும் மட்டும் மாறின. கார்டின் கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் எப்போதும் மிச்சம் இருக்கும். அதில் எழுதவேண்டியதை யோசித்துக்கொண்டே தபால் பெட்டி வரைக்கும் நடந்து, எழுதாமலேயே போட்டுவிட்டு வருவாள். புதிதாக வந்த அளவுக்காரர் வயதானவர். கிணற்றடியில் நிற்கவே மாட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் சைக்கிள் மணி கேட்டால்கூட அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஒரு கணம் எட்டிப் பார்ப்பாள்.

எண்பதாம் வருடம் ஆடி மாதக் கடைசியில் வந்த கார்டில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வற்புறுத்துகிறார்கள், ஆவணியில் கல்யாணம் என்று இருந்தது. பெண் பரமக்குடிப் பக்கம். சுலோச்சனா அந்தக் கார்டைப் படித்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை விட்டாள். முடிச்சை எண்ணினாள். வீட்டுக்கு வந்து, ‘மகிழ்ச்சி. நீர்மட்டம் பத்தொன்பது அடி’ என்று எழுதினாள். அதுதான் அவள் கடைசியாக எழுதிய கார்டு.

தண்ணீராவது நின்றதா என்றால், அதுவும் இல்லை. எண்பத்திரண்டில் பங்காருவின் மருமகன் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒன்றைக் கூட்டி வந்தான். இரண்டு நாள் ஊரே அதிர்ந்தது. வெள்ளைப் புழுதி பறந்து வேப்பமரமெல்லாம் மாவு பூசினாற்போல ஆயிற்று. இருநூற்றிருபது அடியில் தண்ணீர் பீறிட்டு அடித்தபோது, பங்காரு வேட்டியோடு நனைந்து ஆடினார். “சுலோச்சனா, இனி மொறை கிறை ஒண்ணும் வேணாம்மா. பாதாள கங்கை!” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் சொன்னார். அவள் அங்கே நின்று அந்த நீர்க்கம்பத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் தான் அங்குலம் அங்குலமாகக் காத்தது அதில் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளக்கூடிய ஒருவன் ராமநாதபுரத்தில் இருந்தான்.

அந்த வருடம் மழையும் இல்லை. எண்பத்து மூன்று மாசி மாதம் கயிற்றின் கல் முதல் முறையாகப் பாறையில் இடித்துச் சத்தம் கேட்டது. துரைக்கண்ணுவின் கிணறும் காய்ந்தது. வேடியப்பன் வெடி வைத்து ஐந்தடி ஆழப்படுத்தினான்; ஈரம்கூடக் கசியவில்லை. அவன் அம்பத்தூரில் கட்டட வேலைக்குப் போனான். திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் திருத்தணி போய் ரயிலேறுவான். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவான். சுலோச்சனாவும் ஜெயம்மாளும் குடிதண்ணீருக்கு ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பினார்கள். ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் சுலோச்சனாவின் மனசு ராமநாதபுரத்தில் இருக்கும். போயிருக்கலாம் என்று நினைப்பாள். போயிருந்தால் அங்கே உப்புத் தண்ணீர் குடித்திருப்பேன், அவ்வளவுதானே என்று நினைப்பாள். அண்ணி எதிரில் உட்கார்ந்து ஊற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் பங்காருவின் போரில் முதலில் சேறு வந்தது, பிறகு வெறும் காற்று. மருமகன் முந்நூறு அடிக்குப் போகலாம் என்றான். பங்காரு இரண்டு நாள் வீட்டை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, காய்ந்த கிணற்றின் சுவரில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“தப்பு பண்ணிட்டேம்மா. நீ மொறை வெச்சப்போ ஆறேழு கோடை தாண்டினோம். நா பாதாளத்த தோண்டி ஒரு கோடை கூட தாண்டல.”

சுலோச்சனாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாளாக இருந்தது. அந்த நேரத்தில் வரவில்லை.

“மழ பெய்யும் மாமா. பெஞ்சா அப்பறம் இன்னா பண்றதுன்னு இப்பவே பேசிக்கணும்.”

பேசினார்கள். ஓடையின் குறுக்கே கல்லும் மண்ணும் போட்டு ஒரு கரை கட்டுவது; வருகிற தண்ணீர் ஓடிப் போகாமல் நின்று மண்ணுக்குள் இறங்கட்டும். போரை மூடிவிட்டு, கடும் கோடையில் குடிக்க மட்டும் திறப்பது. மற்றபடி பழைய முறை. மூன்று வீட்டு ஆட்களும் ஒன்றரை மாதம் கல் சுமந்தார்கள். அம்பத்தூரிலிருந்து வேடியப்பனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுமந்தான். அந்த வருடக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. கரையில் பாதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, பாதி நின்றது. அந்தப் பாதிக்குப் பின்னால் தை மாதம் வரை தண்ணீர் இருந்தது. மேட்டில் மூன்று கிணற்றிலும் ஊற்றுக்கண் திறந்தது. வேடியப்பன் சித்தாள் வேலையை விட்டு வந்துவிட்டான்.

எண்பத்தைந்தாம் வருடம் தை மாதம் சுலோச்சனா திருத்தணி தாலுகா ஆபீசுக்கு ஒரு வேலையாகப் போனாள். வேலை முடியவில்லை, சாயங்காலம் வா என்றார்கள். பொழுதைப் போக்கச் சரவணப் பொய்கைப் பக்கம் நடந்தாள். படிக்கட்டில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

கோதண்டத்துக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவன் பக்கத்தில் ஈரத் தலையை உதறிக்கொண்டு நின்ற பெண்தான் முதலில் பேசினாள்.

“யாருங்க?”

“ஈச்சங்குண்டா. சுலோச்சனா,” என்றான்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “இவுகதானா அந்தக் கார்டு சுலோச்சனா? அத்தனையும் கட்டி வச்சிருக்காகளே! ஒருநா நான் எல்லாத்தையும் எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டு சிரிச்சேன் போங்க. எல்லாத்துலயும் தண்ணி எவ்வளவுன்னுதான் எழுதியிருக்கீக. வேற ஒரு வார்த்தை எழுத மாட்டீகளா?”

அவள் சிரித்த சிரிப்பில் கள்ளம் இல்லை. சுலோச்சனாவும் சிரித்தாள். கோதண்டம் பொய்கைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுத வரலைங்க,” என்றாள் சுலோச்சனா. “படிப்பு அவ்ளோதான்.”

அந்தப் பெண் துணி மாற்றப் போகவேண்டியிருந்தது. குழந்தையைக் கொஞ்சம் வைத்திருங்கள் என்று சுலோச்சனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சந்தனத்தின் குளிர்ச்சி சுலோச்சனாவின் கழுத்தில் பட்டது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்தது.

“சார் நல்லாகீறீங்களா?”

“ஆங். கீறேன்.” மனைவி போன பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான். “ரெண்டு கோடை பாத்தேன் சுலோச்சனா. ஒவ்வொரு கார்டு வரும்போதும் திருப்பித் திருப்பிப் பாப்பேன். கீழ எதுனா எழுதிக்கீதான்னு.”

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குழந்தையின் விரலைக் கம்மலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“எடம் வுட்டுதான் வெச்சிருந்தேன் சார்,” என்றாள்.

அவன் மனைவி திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மலையேற வேண்டும், வெயிலுக்கு முன்னே போனால் நல்லது என்றாள். மூவரும் படியேறிப் போவதைச் சுலோச்சனா கீழே நின்று பார்த்தாள். வளைவில் கோதண்டம் திரும்பிப் பார்த்தானா என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் ஒரு காவடிக் கூட்டம் குறுக்கே வந்துவிட்டது. தாலுகா ஆபீசுக்கு அவள் சாயங்காலம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். பள்ளிப்பட்டு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் சந்தனம் காய்ந்து இழுத்தது. துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வேலை ஆகவில்லை என்று அண்ணனிடம் சொன்னாள். சாப்பாடு வேண்டாம் என்று படுத்தாள்.

மறுநாள் அவர்களுடைய முறை. முறை நாளில் காலை ஆறு மணிக்குச் சுலோச்சனா மடையில் நிற்பாள், காய்ச்சலிலும் தவறியதில்லை. அன்று கண் விழித்தபோது வெயில் கூரை இடுக்கு வழியாக அடுப்பங்கரை வரைக்கும் வந்திருந்தது. பதறிக்கொண்டு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டே கொல்லைக்கு ஓடினாள். கேழ்வரகுக் கொல்லையில் முக்கால்வாசிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்திருந்தது. ஜெயம்மாள் முழங்கால் வரை சேற்றோடு, மண்வெட்டியால் மடையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னா அண்ணி, எழுப்பக்கூடாதா?”

ஜெயம்மாள் நிமிராமல் ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து அடைப்பில் போட்டாள்.

“தூங்கட்டும்னு வுட்டேன். இத்தினி வருசத்துல ஒரு நாளு தூங்கினா கேவுரு கோச்சிக்காது.” பிறகு, மண்வெட்டியை ஊன்றி நின்று, சுலோச்சனாவின் கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். “போயி மூஞ்ச கழுவிகினு கூழு குடிச்சிட்டு வா. கோடிப் பாத்தி ரெண்டு பாக்கி கீது. அத நீ பாத்துக்க.”